மூன்றாவது சரணத்தில் வார்த்தை இல்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. 'கொடிக்கயிறு' இசைக்குழுவின் கடைசி ஆல்பம் வெளிவரப் போகிறது. அதன் உறையில் அச்சிட என்னிடம் இருநூறு சொல் கேட்டார்கள். முதல் வரி இப்படி இருந்தது:

பதினோரு ஆண்டுகள், நான்கு ஆல்பங்கள், ராக்கையும் தாலாட்டையும் டிஸ்கோவையும் ஒரே மேடையில் ஏற்றிய

[விளம்பரப் பலகை போல இருந்தது. விட்டுவிட்டேன்.]

2

மறுபடியும்.

ஒரு டிரம்மர் இருந்தான். பாட்டும் அவனே எழுதுவான். பாடியவள் அவன் மனைவி. கீபோர்டு அவளுடைய அண்ணன். மொட்டைமாடி அறையில், காயும் துணிகளுக்கு நடுவே பழகினார்கள். குழுவின் பெயர் அப்படி வந்தது.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கடைக்காரர் கேட்பார்: "இத எந்த அடுக்குல வைக்கட்டும்?"

"வாசல்லயே வைங்க," என்பாள் அவள். "எவனாவது தடுக்கி விழுந்து வாங்குவான்."

['நான்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வரி தாண்டவில்லை. 'அவன்' என்றே இருக்கட்டும். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் இறந்து ஏழு மாதம்.]

3

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. மெட்டுதான் முதலில் வரும். அவன் வார்த்தை தரும்வரை அவள் 'தன்னன்னா தானே' என்று தத்தகாரம் பாடுவாள். அது சலித்தால் வாயில் வந்ததைப் பாடுவாள்: பால் திரிந்தது, பல்லி விழுந்தது.

'சாவி எங்க வச்சே' அப்படி வந்த பல்லவிதான். அவன் வேறு வார்த்தை யோசிப்பதற்குள் ஒலிப்பதிவே முடிந்துவிட்டது. ஊரே பாடியது. விமர்சகர்கள் அதில் மெய்ஞ்ஞானத்தைக் கண்டார்கள். அவள் தேடியது பீரோ சாவியை. இன்றும் தாடி முளைக்காத பையன்கள் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடுகிறார்கள்.

(அடிக்குறிப்பு: சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைத்தோம். உடைத்தார்கள்.)

4

கடைசிப் பாட்டில் இரண்டு சரணம் முழுசாக இருக்கிறது. மூன்றாவதற்கு அவன் வார்த்தை எழுதித் தரவேயில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் அண்ணன் சொன்னார்: "மாப்ளே, நாலு வரி எழுதிக் குடு. புதுசா வந்த பொண்ணு பாடிடும். நல்ல குரல்."

"அவ பாடினதே இருக்கட்டுமே, மச்சான்."

"தன்னன்னாவையா? சோம்பேறிப் பசங்கன்னு சொல்லுவாங்கடா."

"உங்க தங்கச்சி சொல்லாததா?"

மச்சான் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலாவது வரியக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மூன்று வரி தன்னன்னா. நான்காவது வரி:

கதவச் சாத்தாம போயிட்டியே.

மெட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பாடிப் பதிந்த அன்று அவன் டிரம் ஸ்டிக் வாங்க வெளியே போனான், கதவைத் திறந்து போட்டுவிட்டு. பின்னணியில் அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிறது. திட்டுகிறாள், அவ்வளவுதான்.

ஏழு மாதமாக அவனை யாரும் திட்டவில்லை. எல்லாரும் தணிந்த குரலில்தான் பேசினார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டான்.

5

முடிவு ஒன்று: அவன் நான்கு வரி எழுதுகிறான். புதுப் பெண் பிசிறில்லாமல் பாடுகிறாள். திட்டு அவனுக்கு மட்டும் மிஞ்சுகிறது.

முடிவு இரண்டு: அப்படியே வெளியிடுகிறார்கள். விமர்சகர்கள் அதை மரணத்தின் கதவு என்கிறார்கள். ஐயாயிரம் பேர் கைபேசி வெளிச்சத்தை உயர்த்தி, உருகி உருகி, அவள் திட்டைப் பாடுகிறார்கள். டிரம்முக்குப் பின்னால் அவன்

[இதை முடிக்க முடியவில்லை.]

"என்ன மாப்ளே, வைக்கவா, எடுக்கவா?"

அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தான். எழுதும்வரை அந்த வரி இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். வைப்பதும் எடுப்பதும் இனி உங்கள் பாடு.

வைப்பதானால், தயவுசெய்து உருகாதீர்கள். கொஞ்சம் எரிச்சலோடு பாடுங்கள், ஆள் தெருமுனை தாண்டுவதற்குள் காதில் விழுகிற மாதிரி.