குளம்புக்காரியின் பாடத்திட்டம்

சான் எஃப்ரென் சமுதாயக் கல்லூரியில் மாணவர்கள் எதையும் புரிந்துகொள்ளக் கூடாது. அது விதி. புரிந்ததை அளக்க வழியில்லை என்பதால் பாடத்திட்டப் படிவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. மாணவர்கள் அடையாளம் காணலாம், ஒப்பிடலாம், பகுத்தாயலாம், செய்து காட்டலாம். தப்பித்தவறிப் புரிந்துகொண்டால் படிவம் திரும்பி வந்துவிடும்.

லூசிண்டா போர்பாவின் படிவம் மூன்று முறை திரும்பி வந்திருந்தது. முதல் முறை, 'மாணவர்கள் மாட்டின் வலியைப் புரிந்துகொள்வர்' என்று எழுதியதற்காக. இரண்டாம் முறை, அதை 'அறிவர்' என்று மாற்றியதற்காக. அறிவது புரிந்துகொள்வதைவிட மோசமாம். மூன்றாம் முறை வெறுத்துப்போய், 'மாடு உதைக்காது' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினாள். இந்த வாக்கியத்தில் மாணவர் எங்கே இருக்கிறார் என்று ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார்கள். உதை வாங்காமல் பத்திரமாக இருக்கிறார் என்று பதில் எழுதிவிட்டு, பிறகு அழித்தாள்.

முப்பது வருடமாக அந்தப் பள்ளத்தாக்கின் பால்பண்ணைகளில் மாட்டுக் குளம்பு செதுக்கியவள் அவள். மாட்டைக் கூண்டுக்குள் விட்டு, காலைத் தூக்கிக் கட்டி, வளர்ந்த குளம்பைச் சீவி, உள்ளே சீழ் இருந்தால் வெட்டித் திறந்துவிடுகிற வேலை. லிஸ்பனிலிருந்து நடுக்கடல்வரை போர்த்துகீசியம் பேசுகிற எந்த ஊரிலிருந்து வந்த பண்ணைக்காரனாக இருந்தாலும் அவளுக்கு வைத்த பெயர் ஒன்றுதான்: குளம்புக்காரி. "ஏய் குளம்புக்காரி, எப்ப வர்ற?" என்றுதான் போனே வரும். வலது தோள் இரண்டு முறை கிழிந்து தைத்தாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் இதே கல்லூரியில் இரண்டு வருடப் பட்டம் ஒன்று வாங்கினாள். அதை வைத்துத்தான் இப்போது சனிக்கிழமை காலைகளில் பதினெட்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்தப் பதினெட்டு பேரும் அவளை 'புரொபசர்' என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இப்போது அந்தச் சொல்லுக்காகவே சனிக்கிழமைகளில் சீக்கிரம் எழுந்துகொள்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், அது சோதனைப் பாடம். சோதனைப் பாடத்தை இரண்டு வருடம்தான் நடத்தலாம். அதற்குள் முழுப் பாடமாக அனுமதி வாங்காவிட்டால் கதை முடிந்தது. இரண்டு வருடம் இந்தக் கோடையோடு முடிகிறது. அடுத்த வருடப் பாடப்பட்டியல் அச்சுக்குப் போகும் முன், பாடங்களுக்கு அனுமதி தரும் குழு கூடுவது வரும் வியாழக்கிழமைதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை மதியம் மரிசேலா கிரோகா கூப்பிட்டாள். இங்கே படித்த பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ள வைப்பது அவள் வேலை; அந்தக் குழுவில் ஓட்டும் உண்டு. வேலையில் கெட்டிக்காரி, மனசிலும் தங்கம். அவளைப் போன்றவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"லூசிண்டா, உங்க பாடத்தைப் படிச்சேன். அசந்துட்டேன் போங்க. இதை ஏன் இப்படி அடிமட்டத்துல வச்சிருக்கீங்க?"

"மாட்டோட கால் அங்கதானே இருக்கு."

மரிசேலா சிரித்தாள். "அது இல்லங்க. இது பல்கலைக்கழகத் தரத்துல இருக்கு. கொஞ்சம் உடற்கூறு சேர்த்து, ரெண்டு கட்டுரை சேர்த்தா, பிள்ளைங்க இங்க படிச்சதை அங்க கணக்குல எடுத்துக்குவாங்க. உங்க டெய்சி இருக்காளே, அவளுக்கு அங்க மூணு யூனிட் படிப்பும் அதுக்கான பணமும் மிச்சம்."

டெய்சி அர்ரோயோ இருபத்தாறு வயதுக்காரி. ராத்திரி ஷிப்ட்டில் எண்ணூறு மாடு கறந்துவிட்டு, தூங்காமல் வகுப்புக்கு வருவாள். கத்தியை அவள் பிடிக்கிற பிடியில் லூசிண்டா குறை கண்டதே இல்லை. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள்.

"பல்கலைக்கழகத் தரமா? என் பாடமா?"

"உங்க பாடம்தான். நானே கம்ப்யூட்டர்ல மாத்திடட்டுமா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

லூசிண்டாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் அப்பா ஒன்பதாம் வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சரி என்று ஒரு வார்த்தை சொன்னாள். என்ன மாற்றப்போகிறாய் என்று கேட்கவில்லை. மாட்டை வாங்கும்போது நாலு காலையும் தூக்கிப் பார்க்கிறவள், படிவத்தில் கோட்டைவிட்டாள்.

வியாழக்கிழமை குழு கூடியது. ஒன்பது பேர், நீள மேசை, நடுவில் லூசிண்டா கொண்டுவந்த இனிப்பு ரொட்டி. தலைவர் வெண்டல் ஹாஸ்கின்ஸ் தத்துவ ஆசிரியர். கடவுள் இருக்கிறாரா என்பதில் அவருக்கு முடிவான கருத்து கிடையாது. அரைப்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதில் உண்டு.

"வீட்டுப்பாடம்," என்றார் ஹாஸ்கின்ஸ். "வகுப்புல ஒரு மணி நேரம் கேட்டா வீட்டுல ரெண்டு மணி நேரம் படிக்கணும். நீங்க 'பயிற்சி'ன்னு போட்டிருக்கீங்க. வீட்டுல எப்படிப் பயிற்சி?"

"பாதிப் பேர் வீட்டுல மாடு இருக்கு. மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரன் தூங்கினப்புறம் போவாங்க."

"இதைக் குறிப்புல எழுத வேண்டாம்," என்றார் அவர், ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பா ஹுவாவிடம். பா ஹுவா வாங் பாடத்திட்ட அலுவலகத்தின் எழுத்தர். பதினாறு வருடமாக எல்லாக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டு மட்டும் கிடையாது. அந்த அறையில் விதிகளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

அடுத்து ஆன்லைன் வகுப்புகளைக் கவனிக்கும் ட்ரெவர் தொண்டையைச் செருமினான். "அவசர காலத்துல கல்லூரியை மூட வேண்டி வந்தா, இந்தப் பாடத்தை இணையம் வழியா எப்படி நடத்துவீங்க? அந்தக் கட்டம் காலியா இருக்கு."

"மாட்டுக்கு கேமரா ஆன் பண்ணத் தெரியாதே தம்பி."

"ஏதாவது எழுதணுங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அப்படீன்னா 'மாடு மியூட்ல இருக்கும்'னு எழுதிக்க."

ஒன்பது பேரில் ஏழு பேர் சிரித்துவிட்டார்கள். ட்ரெவர் உண்மையிலேயே ஏதோ தட்டினான். பிறகு புத்தகப் பிரச்சினை வந்தது. அவள் காட்டியிருந்த புத்தகம் பதினோரு வருடப் பழசு. பல்கலைக்கழகத் தரமென்றால் புதிய பதிப்பு வேண்டுமாம். பதினோரு வருடத்தில் மாட்டுக்கு ஐந்தாவது கால் ஏதும் முளைத்ததாகத் தெரியவில்லை என்றாள் லூசிண்டா. மரிசேலா குறுக்கே புகுந்து, புதுப் புத்தகம் ஒன்றைத் தானே சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். மரிசேலா எல்லாவற்றையும் சேர்த்திருந்தாள்.

ஓட்டெடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. கைதட்டினார்கள். ஹாஸ்கின்ஸ்கூட ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தட்டினார். லூசிண்டாவுக்குக் கண் கலங்கியது. இந்த ஜனங்களை வருடம் பூராவும் மனசுக்குள் திட்டியதற்காகச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. வெளியே போய்க் குளிர்பான இயந்திரத்தின் முன்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

பா ஹுவா பின்னாலேயே வந்தாள். கையில் மடிக்கணினி.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்க பாடம் பாஸாயிடுச்சு. நீங்க பாஸாகல."

"என்னடி சொல்ற?"

"துறைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? நீங்க 'விவசாய உற்பத்தி'ன்னு போட்டிருந்தீங்க. அதுக்கு ரெண்டு வருஷப் பட்டமும் அனுபவமும் போதும். மரிசேலா அதை 'விவசாயம்'னு மாத்தியிருக்காங்க. பல்கலைக்கழகத்துக்குப் போகணும்னா அப்படித்தான் போடணும்னு நெனச்சிருப்பாங்க. விவசாயத்துக்கு முதுகலைப் பட்டம் வேணும்."

லூசிண்டா திரையைப் பார்த்தாள். ஒரு சொல்தான் போயிருந்தது. உற்பத்தி. அவளுடைய பாடம் அவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது. அதைச் சொல்லித்தர அவளுக்கே தகுதி இல்லை.

"அப்போ யாரு நடத்துவாங்க?"

"முதுகலை முடிச்ச யாரையாவது எடுப்பாங்க. மண்ணு, பூச்சி, எதுல முடிச்சிருந்தாலும் சரி."

"மாட்டைத் தொட்டிருக்கணும்னு ஒண்ணும் இல்ல?"

"அந்தக் கட்டம் படிவத்துல இல்லக்கா."

லூசிண்டா ஒரு போர்த்துகீசியக் கெட்ட வார்த்தை சொன்னாள். பா ஹுவாவுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் தலையாட்டினாள். பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினாள்.

"நான் எதுவும் சொல்லல. எனக்கு ஓட்டும் இல்ல, கருத்தும் இல்ல. ஆனா கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி நிகழ்ச்சி நிரலை வாசல்ல ஒட்டணும்னு சட்டம். ஒட்டாத விஷயத்துல முடிவெடுக்கக் கூடாது. நான் திங்கக்கிழமை காலையில ஒட்டினேன். மரிசேலா மாத்தினது செவ்வாய்க்கிழமை."

முன்வாசல் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காகிதம் இருந்தது. எட்டாம் பக்கத்தில் அவளுடைய பழைய படிவம், 'விவசாய உற்பத்தி' என்ற கட்டத்தோடு, யார் கையும் படாமல் இருந்தது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது குழு பதினான்காம் பாடத்தில் இருந்தது. மலர் அலங்காரம். கை தூக்கவெல்லாம் இல்லை. மேசை முனையில் போய் நின்றாள்.

"நீங்க பாஸ் பண்ணினது வாசல்ல ஒட்டின பாடம் இல்ல," என்று போனை நீட்டினாள்.

ஹாஸ்கின்ஸ் படித்தார். முகம் மலர்ந்தது. விதி மீறப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அவருக்கு லாட்டரி விழுந்த மாதிரி. "அடடா," என்றார். "அடடா. இவங்க சொல்றது சரி. அந்த ஓட்டு செல்லாது. ஒட்டின படிவத்துக்குத்தான் ஓட்டெடுக்க முடியும். பழையதுக்கு."

மரிசேலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "லூசிண்டா, சத்தியமா நான் யோசிக்கல. உங்க தகுதி... எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சிருங்க."

"தெரியும். உன் மேல தப்பில்ல."

"ஆனா பழையது பாஸானா பல்கலைக்கழகம் ஏத்துக்காது. டெய்சிக்கு அந்த மூணு யூனிட் போயிடும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புதுசு பாஸாகட்டும், ஒரு வருஷம் வேற யாராவது நடத்தட்டும், அதுக்குள்ள உங்க அனுபவத்தை முதுகலைக்குச் சமம்னு ஏத்துக்கச் சொல்லி மனு போடலாம். நானே எழுதித் தர்றேன்."

"புதுசும் ஒட்டல," என்றார் ஹாஸ்கின்ஸ்.

"அவசரக் கூட்டம் போடலாமே! அச்சகத்துல ஒரு வாரம் கெஞ்சிக் கேட்கலாம். இவங்க சரின்னு சொல்லட்டும்."

ஒன்பது பேரும் லூசிண்டாவைப் பார்த்தார்கள். அவள் யோசிக்கத்தான் செய்தாள். ஒரு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று யோசித்தாள். அவளுடைய மனுவைப் படிக்கப் போவது இதே மாதிரி ஒன்பது பேர் என்று யோசித்தாள். டெய்சியையும் யோசித்தாள். தூங்காத கண்ணோடு, பின்வரிசையில் நின்று, கத்தியைத் துணியில் துடைக்கிற டெய்சி. மூன்று யூனிட் என்பது அவளுக்கு ஒரு பருவத்துச் சம்பளம்.

"பிள்ளைங்களுக்காகவாவது," என்றாள் மரிசேலா.

"பிள்ளைங்களுக்காக முப்பது வருஷம் தோளைக் கிழிச்சுக்கலம்மா," என்றாள் லூசிண்டா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "மாட்டுக்காகவும் இல்ல. இது என்னோட பாடம். நான்தான் நடத்துவேன். பழசுக்கே ஓட்டுப் போடுங்க."

எட்டு பேர் ஆதரவு. மரிசேலா மட்டும் எதிர்த்தாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ரொட்டித் தட்டு மட்டும் காலியாக இருந்தது.

ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். டெய்சி எல்லாருக்கும் முன்னால் வந்து கூண்டைக் கழுவிவிட்டிருந்தாள். சோதனைப் பாடத்தை ஏற்கெனவே முடித்தவள். இப்போது முழுப் பாடத்திலும் சேர்ந்திருந்தாள். முதல் மாட்டைக் கூண்டுக்குள் ஓட்டும்போது கேட்டாள்.

"புரொபசர், இது பல்கலைக்கழகத்துல சேருமா? ஆபீஸ்ல கேட்டா உங்களைக் கேளுன்னாங்க."

மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் யார் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களும் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

"சேராது," என்றாள் லூசிண்டா. "சேர்ற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அது வந்தா நான் நடத்த முடியாது. அதனால வேண்டாம்னுட்டேன்."

டெய்சி மாட்டின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"உங்க இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்," என்றாள். "ஆனா கோபம் போகாது, புரொபசர்."

"போக வேண்டாம்."

அந்த வகுப்பை டெய்சி முழுக்க முடித்துக்கொடுத்தாள். நான்கு மாடுகள், அதில் ஒன்று சீழ் வைத்த கால். அதை அவள் திறந்தபோது மாடு நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு கத்தியைத் துடைத்து லூசிண்டாவின் கையில் கொடுத்துவிட்டு வண்டியேறிப் போனாள். சாயங்காலம் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது இருபத்தொரு பேர் இருந்தார்கள். லூசிண்டா அழுதாள். இன்னொரு முறை கேட்டாலும் பழசுக்கே ஓட்டுப் போடச் சொல்வாள் என்பதும் அழும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.