விபத்துப் பதிவேட்டில் இடது கை

பிஸ்கட் ஆலையில் மாவு பிசையும் மெஷினுக்கு மேலே ஓடும் எண்ணெய்க் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது. அதற்கு வைத்தியம், கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பது. அது ஊறினால் மேலே இன்னொன்று. அடடா, என்ன மூளை! அந்த அட்டைதான் சிட்டுவின் காலை வாரிவிட்டது. சிட்டு என்பது ஆலையில் வைத்த பெயர், ஆள் என்னவோ வாட்டசாட்டம். மாவுத் தட்டோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த நாலாம் நாள், அதே ஆலையில் வேலை பார்க்கும் நாத்தனார் வந்து சொன்னாள்.

"அண்ணி, உங்க இடத்துல என்னைப் போட்டிருக்காங்க."

"குழாயை மாத்திட்டாங்களா?"

"அட்டையை மாத்தியிருக்காங்க. நீங்க கவனமில்லாம விழுந்தீங்கன்னு எழுதி வச்சிருக்காங்களாம். கையெழுத்துப் போட முடியாதுல்ல, வந்து கைநாட்டு வச்சா போதுமாம்."

"வச்சுட்டா அப்புறம் குழாயை எவன் தொடுவான்?"

மகளின் பழைய நோட்டை எடுத்து, இடது கையில் பென்சிலைப் பிடித்தாள். எழுத்து கோழி கிறுக்கியது மாதிரி வந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிடி, நல்லா சிரி."

மூன்று நாள் எழுதினாள். சாயங்காலம் நாத்தனார் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அதற்கு அடுத்த நாள் ஆலை அலுவலகத்தில் சூப்பர்வைசர் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் தள்ளினார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது. சிட்டுவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"பேனா குடுங்க சார்."

"எந்தக் கையாலம்மா எழுதுவ?"

"அதான் இன்னொண்ணு இருக்கே."

கால் மணி நேரம் எழுதினாள். 'இது பொய். எண்ணெய்க் குழாய் ஒழுகுது. அட்டை வழுக்கி விழுந்தேன். இப்ப அங்க என் நாத்தனார் நிக்கிறா.'

"ஐயையோ, இந்தப் பதிவேட்டை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பாத்தா என்ன நினைப்பாரு?"

"குழாய் ஒழுகுதுன்னு நினைப்பாரு."

பக்கத்தைக் கிழிக்கவும் வழியில்லை, ஒவ்வொன்றிலும் எண் அச்சடித்திருந்தது.

"மெஷினை நிறுத்தினா அரைநாள் வேலை போயிடும்மா."

"எனக்கு ஒரு கையே போயிருக்கு சார்."

அவர் முனகிக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். சிட்டு வீட்டுக்குக் கிளம்பவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் சத்தம் நின்றது. முழங்கை வரை மாவோடு நாத்தனார் ஓடி வந்தாள்.

"அண்ணி! குழாயைக் கழட்டுறாங்க!"

அப்போதுதான் சிட்டு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.