ஒரேத்தோவில் பரவிய கைநோ

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த யோசப்பின், அங்கே ஒரேத்தோ பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். முதியவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, சண்டை பிடித்தால் விலக்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபரில் அரசாங்கத்திடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. முதியவர்களிடம் பிழையாக வாங்கிய இல்லக் கட்டணத்தைத் திருப்பித் தரப்போகிறார்களாம். அவரவர் கையெழுத்து வைத்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, இல்லத்தில் இருந்த சிஞ்ஞோரா எமிலியானா என்ற கிழவியின் மகன், பெண்சாதி பிள்ளைகளுடன் கேக் பெட்டியும் கையுமாக வந்து நின்றான். அவனை யோசப்பினுக்கு அடையாளமே தெரியவில்லை. "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் நேரே தாயிடம் போனான். "அம்மா, கையெழுத்து வைச்சிட்டீங்களோ?"

எமிலியானா வலது கையை மெல்லத் தூக்கி, பொத்தென்று மடியில் போட்டாள். "ஏலாது மகன். பேனை பிடிக்க விடாமல் கை நோகுது. வாற கிழமை பாப்பம்."

வாற கிழமையும் வந்தான். நோ குறையவில்லை. கடற்காற்றுப் பட்டால் சுகம் வரும் என்றாள். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அங்கே நோகிற கையாலேயே பாட்டி ஒரு தட்டு இறாலை உரித்துச் சாப்பிட்டதாகப் பேத்தி வந்து சொன்னாள்.

மற்றவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? பக்கத்து அறைக் கிழவருக்கும் கைநோ பிடித்தது. பிறகு எதிர் அறைக்கு. நவம்பருக்குள் இல்லம் முழுக்கக் கைநோ. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற சொந்தங்கள் இருக்க நாற்காலி போதவில்லை.

சமையல் செய்யும் நாகபூசணி பயந்துபோனாள். "அக்கா, இது தொத்து வருத்தமோ?"

"உனக்கு வராது பிள்ளை. உனக்குத் திருப்பித் தர அரசாங்கத்திட்ட ஒண்டுமில்லை."

ஒரு கையெழுத்தும் வராததால், அரசாங்கக் கந்தோரிலிருந்து டொக்டர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் உள்ளே வந்தபோது எல்லாரும் மேசை அதிரச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் கைகள் எல்லாம் மடியில் விழுந்தன. டொக்டர் ஒவ்வொரு கையாக அமத்திப் பார்த்தார். ஒரு கிழவர் அவர் தொட முந்தியே "ஐயோ!" என்று கத்தினார்.

டொக்டர் யோசப்பினைத் தனியே கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லும். இது என்ன வருத்தம்?"

பொய் சொன்னால் வேலை போகும். காட்டிக்கொடுக்கவோ யோசப்பினுக்கு மனம் வரவில்லை.

"வருத்தம் எனக்குத் தெரியாது டொக்டர். ஆனா ஞாயிற்றுக்கிழமையில பிள்ளையள் வரேக்கை எல்லாரும் நல்ல சுகமா இருக்கினம்."

டொக்டர் தன் பையை மூடினார். பிறகு மண்டபத்துக்குப் போய், எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "நத்தார்ப் பண்டிகை முடியுமட்டும் ஒருத்தரும் பேனை தொடக்கூடாது!"

எமிலியானா சந்தோசத்தில் படபடவென்று கைதட்டினாள். யோசப்பின் ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து மடியில் வைத்தாள். டொக்டர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின.

ஜனவரியில் எல்லாருக்கும் ஒரே நாளில் கை சுகமானது. பணமும் வந்தது. அதற்குப் பிறகு பல சொந்தங்களைக் காணவில்லை. எமிலியானாவின் மகன் மட்டும் வந்துகொண்டிருந்தான். பாட்டியிடம் போகாவிட்டால் பேத்தி வீட்டில் நிலத்தில் விழுந்து புரளுவாளாம்.