மாடி அறைக் கட்டில்

பழைய மாளிகை கலைக்கூடமான பிறகு, வருடத்தில் இரண்டு நாள் எல்லா அறைகளையும் திறந்துவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் பணியாளர்களுக்குக் கால் தரையில் பாவாது.

மாடிப் படுக்கையறை அவள் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அந்த அம்மாளுக்குப் பணியாளர்கள் வைத்திருந்த பெயர் கண்கொத்தி.

மதியத்துக்கு மேல் அப்பா வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது. கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அம்மா போனதிலிருந்து தூக்கமில்லை. மாத்திரைக்கும் வரவில்லை, வெந்நீர்க் குளியலுக்கும் வரவில்லை.

“இங்க உனக்கு என்னம்மா வேலை?”

“யாரும் எதையும் தொடாம பாத்துக்கணும்.”

“அதுக்கு சம்பளமா! குடுத்து வெச்சவ. நான் காலம் பூரா லாரிக்கு அடியில படுத்துக் கெடந்தேன்.”

“மெதுவா பேசுங்கப்பா.”

அறையில் ஒரு இரட்டைக் கட்டில் மட்டும் இருந்தது. வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை. அதைச் செய்த கலைஞர் ஒரு தலையணைக்குள் ஒலிபெருக்கியை வைத்துத் தைத்திருந்தார். யாரோ ஒரு பெண் தூங்கும்போது விட்ட மூச்சு அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். படைப்பு அவ்வளவுதான். இதுக்கா மாடி ஏறினோம் என்று முனகிக்கொண்டே பலர் இறங்கிப் போனார்கள்.

அப்பா காதைச் சாய்த்தார். குரல் தானாகத் தாழ்ந்தது.

“யாரது?”

“யாருமில்லப்பா. ரெக்கார்டிங்.”

“மூக்கடைப்பு இருக்கு, பாவம்.”

அடுத்த அறையில் யாரோ சிற்பத்தின் கையில் குடையை மாட்டிவிட்டார்கள். அவள் ஓடினாள். குடைக்காரரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்தால், அப்பா கட்டிலில் இருந்தார்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மூச்சு விடும் தலையணைக்கு முதுகு காட்டி, விழுந்துவிடுவார் போல விளிம்பில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மூச்சு வந்த பக்கம் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்கு இடம் விட்டே படுப்பார்.

எழுப்பக் கை நீட்டினாள். தோள் வரை போன கை திரும்பி வந்துவிட்டது.

ஒரு குடும்பம் உள்ளே வந்தது. “அந்தத் தாத்தாவும் பொம்மையா?” என்றது குழந்தை. தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவர்கள் வெகுநேரம் நின்றார்கள். போகும்போது அடிமேல் அடி வைத்துப் போனார்கள்.

அவர்கள் பின்னாலேயே கண்கொத்தி வந்தாள்.

“யாரு இந்த ஆளு?”

யாரோ பெரியவர் என்று சொல்லியிருக்கலாம்.

“எங்கப்பா, மேடம்.”

“நல்லா இருக்கு. எழுப்பு.”

“சரி மேடம்.”

அவள் நகரவில்லை.

“சொன்னது காதுல விழலையா?”

“எங்கம்மா போய் எட்டு மாசமாச்சு. இப்பதான் தூங்குறாரு. என்னால முடியாது மேடம். வேணும்னா நீங்க எழுப்புங்க. வேலை போனா போகட்டும்.”



கண்கொத்தி கட்டிலருகே போனாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஜன்னல் பக்கம் நடந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

“மூஞ்சில வெயில் அடிக்குது. இதைக்கூட கவனிக்க மாட்டியா?”

வாசலில் நின்று திரும்பினாள்.

“அஞ்சு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிடுவாங்க. இந்த மூச்சும் நின்னுடும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஐந்து மணிக்கு விளக்குகள் அணைந்தன. தலையணை அடங்கியது.

அவள் நிலைப்படியில் அசையாமல் நின்றாள். அப்பா லேசாக அசைந்தார். கை பின்னால் நீண்டு, தலையணையைத் தொட்டு, அங்கேயே கிடந்தது. கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அறையில் மறுபடி மூச்சு கேட்டது. அவருடையது.

கீழே கண்கொத்தி காவலாளியை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“மாடியக் கடைசியா பூட்டு. சாவிய ஆட்டிக்கிட்டே ஏறாத.”