எசேக்கியேலின் மூட்டை

எலியேசர் சார் வீட்டு கேட் வெள்ளிக்கிழமை மாலை மட்டும்தான் திறந்திருக்கும். அன்றைக்கு வீட்டு ஜெபக்கூட்டம். மற்ற நாட்களில் பூட்டு. சாவி அவர் இடுப்பில். மகன் ஆஸ்டின் மஸ்கட்டில்; மருமகள் ஜெரூஷா உள்ளே. கல்யாணத்தோடு அவளுடைய நாவலூர் கம்பெனி வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். அவள் செல்போன்கூட மாமனார் பீரோவுக்குள்தான் மணியடிக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு மொட்டைமாடி பின்னே எதற்கு?

ஒருநாள் துணி காயப்போடத் தன் மாடிக்கு வந்த ஜெரூஷா, அங்கிருந்தே கேட்டாள்.

"சாஹிரா அக்கா, ஊரப்பாக்கத்துலேர்ந்து சாயங்காலம் ட்ரெயின் அடிக்கடி இருக்கா?"

"இருக்கும்மா. எங்க போற?"

"சும்மாதான்."

சும்மா யாரும் ரயில் விசாரிப்பதில்லை.

கூட்டம் அவர்கள் வாசலில், நாற்காலி போட்டு நடக்கும். என் மார்க்கம் வேறு, காது பொது. அந்த முறை பாடம் எசேக்கியேல். எருசலேம் சனங்கள் அந்நிய தேசத்துக்குச் சிறையாகப் போகப்போவதைக் காட்ட, அந்தத் தீர்க்கதரிசி ஊரறிய மூட்டை கட்டி, சுவரைக் குடைந்து, முகத்தை மூடிக்கொண்டு வெளியேறினாராம். சொன்னால் கேட்காத சனத்துக்குச் செய்துதான் காட்ட வேண்டும் என்றார் சார்.

"அடுத்த வாரம் நான் நடிச்சுக் காட்டறேன் மாமா" என்றாள் ஜெரூஷா.

சாருக்குப் பூரிப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை, டிவி வந்த அட்டைப்பெட்டியில் தானே செங்கல் வரைந்து, திறந்த கேட்டுக்கு முன்னால் சுவராக நிறுத்தினார்.

நாடகப் பைக்குத் தலையணை போதும். அவள் தோளில் தொங்கியதோ ஆளையே ஒரு பக்கம் சாய்த்தது.

"என்னடி, கல்லையா அடைச்சே?" என்றார் மாமியார் தபீதாள்.

"சிறைக்குப் போறவங்க இருக்கிறதெல்லாம் எடுத்துக்கணும்ல அத்தை."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெரூஷா மட்டும் நிமிர்ந்து என் மாடியைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை விட்டால் தீர்ந்தது. என் வாயை எனக்குத் தெரியாதா? கையிலிருந்த துணிக் கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டேன்.

அட்டையைக் கிழித்தாள். துப்பட்டாவை முகம் மறைய இழுத்துவிட்டு, கேட்டைத் தாண்டினாள். கைதட்டல்.

சார் விளக்கவுரைக்குப் போனார். "தீர்க்கதரிசி இதை நிஜமாவே செஞ்சாரா, இல்ல தரிசனத்துல மட்டும் கண்டாரான்னு வேதபண்டிதர்கள்ல ரெண்டு கட்சி."

"நீங்க எந்தக் கட்சி சார்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"தரிசனம்தான். நிஜத்துல மூட்டையோட கிளம்பினா யார் விட்டிருப்பாங்க?"

தபீதாள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ இன்னும் உள்ள வரலையேங்க."

"வருவா, வருவா. பாடத்தைக் கவனி."

அவள் ஏறிய ஷேர் ஆட்டோ தெருமுனை திரும்பியபிறகுதான் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தேன்.