பிரபுவின் இடக்கை

ஆண்ட்வெர்ப்பில் யோஸ்ட்டின் அச்சுக்கூடத்தில் பதினொரு வருஷமாகச் செப்புத்தகடு செதுக்குகிறாள் டிக்னா. அவள் செதுக்கிய கோட்டைகளும் தோட்டங்களும் ஊர் ஊராகப் போயின. தகட்டின் மூலையில் பேர் மட்டும் யோஸ்ட்டுடையது. இந்தத் தடவை மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார்: வோல்ஃபர்ட் பிரபு கேட்ட தோட்டப்படம் அவருக்குப் பிடித்துவிட்டால் மூலையில் அவள் பேர்.

உயிரைக் கொடுத்துச் செதுக்கினாள். அச்சில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், ஓவியர் வரைந்து தந்த படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் தகட்டில் கோடு போடவேண்டும். அகழியில் படகு, கொடிப்பந்தலுக்குள் காதல், புல்லில் சாய்ந்துகொண்டு பாட்டு. வேலைவெட்டி இல்லாத கூட்டம் எப்படியெல்லாம் பொழுதைக் கழிக்கும் என்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசி நாளில் பிரபுவின் கோட்டையிலிருந்து ஆள் வந்தான். படத்தில் பந்தாடுகிறவர்களுக்கு நடுவே பிரபுவையும் சேர்க்கவேண்டுமாம். ஓவியர் வலக்கையில் மட்டையோடு வரைந்து அனுப்பியிருந்த உருவத்தை டிக்னா அவசர அவசரமாக அப்படியே தகட்டில் இறக்கினாள். கண்ணாடி நினைவே வரவில்லை.

அச்சடித்த தாளில் மை காய்ந்ததும் பிரபுவும் அவர் மனைவி அட்ரியானாவும் வந்து சேர்ந்தார்கள். தாளில் எல்லோரும் வலக்கையால் ஆட, பிரபு மட்டும் இடக்கையில் மட்டையோடு நின்றார்.

“அடிப்பாவி! இத்தனை வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டே?” என்று அவள் காதருகே சீறிய யோஸ்ட், பிரபுவிடம் குழைந்தார். “சுரண்டி எடுத்துட்டு நாளைக்கே மாத்தித் தர்றோம், பிரபு.”

பிரபுவின் முகம் சிவந்திருந்தது. “யாரு சொன்னா உனக்கு?” என்றார் டிக்னாவிடம்.

“யாரும் சொல்லலைங்க. கண்ணாடி பாக்க மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அட்ரியானா விழுந்து விழுந்து சிரித்தாள். “இவருக்கு இடக்கைதாம்மா கை! சின்ன வயசுல வாத்தியார் அடிச்ச அடியில மாத்திக்கிட்டார். அதான் பந்தாட்டத்துல என் தம்பிகிட்டகூடத் தோத்துட்டு வர்றார்.”

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றார் பிரபு. கண் மட்டும் தாளைவிட்டு நகரவில்லை. அதில் நின்றவன் ஜெயிக்கப்போகிறவன் மாதிரி நின்றான்.

“இதை யாரும் தொடக்கூடாது,” என்றார் கடைசியில். “செதுக்கினவ பேரு எங்கய்யா?”

யோஸ்ட் தொண்டையைச் செருமினார். “இப்பத்தான் போடப்போறா, பிரபு.”

டிக்னா உளியை எடுத்தாள். கண்ணாடியைக் கிட்டே இழுத்துவைத்து, இரண்டு தடவை பார்த்துவிட்டு, தன் பேரைக் கடைசி எழுத்திலிருந்து செதுக்க ஆரம்பித்தாள்.