பெரியவருக்குக் கொடுத்த பிரியாவிடை

இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்து, சட்டையில் வியர்வை உலருமுன்னரே வேலையைத் தொடங்கிவிடுவது கணக்காய்வு அதிகாரி அருட்பிரகாசத்தின் வழக்கம். கை சுத்தமான மனிதர் என்று யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர்களில் அவருக்குப் பெயர். 1985ஆம் ஆண்டு ஆவணியில் ஒருநாள், உதவியாளர் குணலட்சுமி ஒரு கோப்பினை அவர் முன் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

நாட்டு நிலைமையால் மூடப்படவிருந்த அரசாங்க எண்ணெய் ஆலையின் பொது முகாமையாளர் செல்வரட்ணம் பதவி விலகுகிறார். விதிப்படி சேர வேண்டியதைப்போல் மூன்று மடங்கு பணத்தை ஆலையின் பணிப்பாளர் சபை ஆலைக் கையிருப்பிலிருந்து அவருக்கு ஒதுக்கியிருந்தது.

“ஐயா, இவ்வளவு குடுக்கிறதெண்டால் அமைச்சின்ரை அனுமதி வேணும். இதிலை அது இல்லை. நாங்கள் மறிக்க வேணும்.”

“தெரியும் பிள்ளை. எவ்வளவு காலம் உழைச்ச மனுசன். போற நேரத்திலை முகத்தை முறிக்கிறதே? பேசாமல் விடும்.”

தானும் விரைவில் ஓய்வு பெறப்போவதால், இன்று இறுக்கிப் பிடித்தால் நாளை தனக்கும் அதே கதிதான் என்று அவர் எண்ணியதை அவளிடம் சொல்லவில்லை. கையெழுத்து வைத்தார். செல்வரட்ணத்தின் பிரியாவிடையில் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

கார்த்திகையில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய நட்டஈட்டில் பாதி கொடுக்கவும் பணம் போதவில்லை. ஆலை இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்திருந்த வட்டுக்கோட்டைத் தொழிலாளி சிமியோன் அருட்பிரகாசத்தின் கந்தோருக்கு வந்தான்.

“ஆலையிலை காசு முடிஞ்சுதெண்டு சொல்லுகினம், ஐயா. உங்களிட்டைக் கேக்கச் சொன்னவை.”

“கணக்கிலை காசு இல்லைத்தான், சிமியோன்.”

“பெரியவருக்குக் குடுக்கேக்கை இருந்ததே.”

அருட்பிரகாசம் மேசையிலிருந்த பேரேட்டை மூடினார்.

“மூத்தவள் படிப்பை விட்டிட்டாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறாள். இந்தக் கையோடை என்னை ஆர் வேலைக்கு எடுப்பினம்?” குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, ஊர்ச் சேதி சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அன்றே அருட்பிரகாசம் தன் பிழையை ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பி அறவிடும்படி தலைமைக் கந்தோருக்கு எழுதினார். தை மாதம் பதில் வந்தது. செல்வரட்ணம் லண்டனுக்குப் போய்விட்டார். இனி அறவிட வழியில்லை. சிமியோனின் மகளும் அதற்குள் விமானம் ஏறியிருந்தாள்.

“நான் ஒரு சதமும் வாங்கேல்லைப் பிள்ளை. ஆண்டவனுக்குத் தெரியும்.” கடிதத்தை மடித்தபடி குணலட்சுமியிடம் சொன்னார்.

குணலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கள் வாங்கேல்லைத்தான் ஐயா. ஆனால் பொதுக்காசைப் பாக்கவெண்டு இருத்தின ஆள், பெரிய மனுசரின்ரை முகத்துக்காகக் கண்ணை மூடினால் அதுவும் களவுதான். அவருக்குக் கூடக் குடுத்த காசு வானத்திலையிருந்து வரேல்லை. அதைச் சிமியோன் அண்ணையின்ரை பிள்ளை இப்ப ஆரோ ஒருத்தற்றை குசினி அடுப்படியிலை நிண்டு உழைச்சுக் கட்டிக்கொண்டிருக்குது.”